அந்த நாற்பது விநாடி: இணையப் பயன்பாட்டைத் தொலைவிலிருந்து ஆய்வு செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயலிகளையும் இணையதளங்களையும் மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் தொழில். முன்பெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவேன். இப்போது பாதிக்கு மேல் சென்னையில் என் மேசையில் இருந்தபடியே நடக்கிறது. ஆய்வு மாணவர்களும் இந்தத் துறைக்குப் புதிதாக வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றில் கொஞ்சம் அதிகமாகவே பேசியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைவிலிருந்து ஆய்வு என்பதில் எவையெல்லாம் அடங்கும்?

பங்கேற்பவர் அவர் இடத்தில், ஆய்வாளர் தன் இடத்தில். பொதுவான அம்சம் இவ்வளவுதான். வீடியோ அழைப்பில் அவருடைய திரையைப் பார்த்தபடியே பேசுவது நேரலை முறை. வேலையை எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் தனக்கு வசதியான நேரத்தில் செய்வார், திரையும் குரலும் பதிவாகி நமக்கு வரும். இதை ஆளில்லா முறை என்போம். ஒரு வாரமோ இரண்டு வாரமோ தினமும் குறிப்பு அனுப்பச் சொல்வது நாட்குறிப்பு முறை. இணையவழிக் கருத்துக்கணிப்பு, சர்வரில் தானாகப் பதிவாகும் தடங்களைப் படிப்பது, பொதுவெளியில் மக்கள் பேசிக்கொள்வதைக் கவனிப்பது, பயனரே தன் தரவைத் தரவிறக்கி நமக்குக் கொடுப்பது என்று பட்டியல் இன்னும் நீளும்.

கொரோனா காலத்தில் பிறந்த வழக்கம் இது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ரெக்ஸ் ஹார்ட்சனும் உடன் ஆய்வாளர்களும், கணினி வலைப்பின்னலையே ஆய்வுக்கூடத்தின் நீட்சியாகக் கொள்ளலாம் என்று 1996-இலேயே எழுதிவிட்டார்கள். கொரோனா செய்ததெல்லாம், தயங்கி நின்றவர்களையும் வேறு வழியில்லாமல் உள்ளே தள்ளியதுதான்.

நேரில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இது ஈடாகுமா?

எந்த முறை என்பதைப் பொறுத்தது. டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-இல் ஒரே மென்பொருளை ஆய்வுக்கூடத்திலும், மூன்று வகைத் தொலைவு முறைகளிலும் சோதித்து ஒப்பிட்டார்கள். நேரலை முறை ஏறத்தாழ ஆய்வுக்கூடத்துக்கு ஈடாகவே நின்றது. பங்கேற்பவரைத் தனியே விட்ட முறைகளில் கண்டுபிடிக்கப்பட்ட குறைகளின் எண்ணிக்கை குறைந்தது. பங்கேற்பவருக்குச் செலவான நேரமோ கூடியது.

எனக்கு இதைப் புரியவைத்தது ஒரு பஸ் டிக்கெட். சிறு நகரம் ஒன்றில் பள்ளி ஆசிரியை ஒருவர், குடும்பத்துடன் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கிறார். நான் அவருடைய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெயர், ஆணா பெண்ணா, வயது என்று நிரப்பிக்கொண்டே வந்தவர், மூன்றாவது பயணியின் வயதில் அப்படியே நின்றுவிட்டார். திரையில் அசைவே இல்லை. பத்து விநாடி, இருபது விநாடி. இந்தக் கட்டம் குழப்புகிறது போல என்று என் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது மைக்கில் அவருடைய குரல் கேட்டது: "அத்தை, உங்கள் வயது எவ்வளவு என்று போடட்டும்?" உள்ளேயிருந்து அதற்கு ஒரு சிரிப்பு. அறுபதா, அறுபத்திரண்டா என்று ஒரு சின்ன விவாதம். மொத்தம் நாற்பது விநாடி.

அந்தக் கட்டத்தில் எந்தக் கோளாறும் இல்லை. குரல் பதிவு இல்லாமல் திரையை மட்டும் பார்த்திருந்தால், அல்லது சர்வரில் விழுந்த நேரத்தை மட்டும் எண்ணியிருந்தால், நன்றாக இருக்கும் படிவத்தைத் திருத்தச் சொல்லி அறிக்கை கொடுத்திருப்பேன். தொலைவு முறைகளில் கை நன்றாகத் தெரியும், அறை தெரியாது. அறையை எப்படியாவது உள்ளே கொண்டுவருவதுதான் இந்த வேலையின் பாதி.

இத்தனை சுற்று எதற்கு? "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஃபோன் பார்க்கிறீர்கள்" என்று அவர்களிடமே கேட்டுவிடலாமே?

கேட்கலாம். வரும் பதிலை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் சிக்கல். மக்கள் தாமே சொன்ன பயன்பாட்டு அளவையும் கருவியில் பதிவான அளவையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் திரட்டி, 2021-இல் 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.38 அளவில்தான் இருந்தது. முழுப் பொருத்தம் என்றால் அது 1 ஆக இருக்க வேண்டும். யாரும் வேண்டுமென்றே பொய் சொல்வதில்லை. ஒரு நாளில் எத்தனை முறை தண்ணீர் குடித்தோம் என்று கேட்டால் நமக்குத் தெரியுமா? அப்படித்தான் இதுவும்.

இந்த மறதியைத் தாண்ட ஒரு பழைய வழி உண்டு. 1970-களில் சிகாகோவில் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயும் உடன் ஆய்வாளர்களும் மக்களிடம் பேஜர் என்ற, அழைத்தால் ஒலிக்கும் சின்னக் கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறோம், மனநிலை எப்படி என்று எழுதச் சொன்னார்கள். இன்று பேஜரின் வேலையை ஃபோனே செய்கிறது.

இதன் எதிர்முனையில், ஸ்டான்ஃபோர்டு, பென் ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பங்கேற்பவரின் சம்மதத்தோடு, திரை இயங்கும் நேரமெல்லாம் ஐந்து விநாடிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள். ஒருவர் செய்தி, சமையல் வீடியோ, வங்கிக் கணக்கு என்று நொடிக்கு நொடி தாவுவதை அப்படியே காட்டும் முறை அது. என் வேலையில் நான் அதைப் பயன்படுத்தியதில்லை. அவ்வளவு தெரிந்துகொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

நாட்குறிப்பு எழுதச் சொன்னால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?

எழுதச் சொல்லாதீர்கள். பேசச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவது நம் மக்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. தமிழில் தட்டச்சு செய்யத் தயங்கும் எத்தனையோ பேர் மூன்று நிமிடம் இடைவிடாமல் குரலில் பேசுவார்கள். அந்தக் குரலில் குக்கர் விசில் கேட்கும், பிள்ளை கூப்பிடுவது கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். நான் சொன்ன அறை என்பது அதுதான்.

கேள்வியும் சின்னதாக இருக்க வேண்டும். "இன்று இணையத்தைப் பயன்படுத்திய அனுபவத்தைப் பகிருங்கள்" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்று வரும். "இன்று ஃபோனில் எதையாவது தேடிக் கிடைக்காமல் விட்டீர்களா? கடைசியில் யாரிடம் கேட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கதையே வரும். ஒருவர் ரேஷன் அட்டையில் முகவரி மாற்றுவது எப்படி என்று தேடி, யூடியூபில் இரண்டு வீடியோ பார்த்து, கடைசியில் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து முடித்துக்கொண்டதாகச் சொன்னார். இணையப் பயன்பாடு பற்றிய ஆய்வில் அந்த ஜெராக்ஸ் கடைதான் நான் கண்ட முக்கியமான 'பயனர்'.

நாள் கணக்கு வேண்டுமா? பத்து நாள் போதும். நடுவில் ஐந்தாம் நாள் நீங்களே ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் தொடர்வார்கள்.

எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்? ஐந்து பேர் போதும் என்கிறார்களே?

பயன்பாட்டுச் சோதனை நிபுணர் ஜேக்கப் நீல்சன் பெயரில் உலவும் கணக்கு அது. 1993-இல் அவரும் தாமஸ் லண்டவரும் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு குறையைச் சோதனைக்கு வரும் ஒருவர் எதிர்கொள்ளும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம். அதை வைத்துக் கணக்கிட்டால் ஐந்து பேரில் சுமார் 85 சதவீதக் குறைகள் வெளிப்பட்டுவிடும். படிவத்தில் எங்கே இடறுகிறார்கள் என்று கண்டுபிடிக்க இது நல்ல வழிகாட்டி.

ஆனால் "தமிழ்நாட்டில் எத்தனை பேர் இப்படி இடறுவார்கள்" என்ற கேள்விக்கு ஐந்து பேரை வைத்துப் பதில் சொன்னால் அது ஜோசியம். சதவீதம் சொல்ல வேண்டுமென்றால் முறையாகத் தேர்ந்தெடுத்த பெரிய மாதிரி வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலைகள். ஐந்து பேரிடம் பேசிவிட்டு "60 சதவீதப் பயனர்கள்" என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். அந்த 60 சதவீதம் மூன்று பேர்.

இணையம் வழியாகவே இணையப் பயன்பாட்டைப் பற்றிக் கேட்டால், இணையத்தில் இல்லாதவர்கள் விடுபடுவார்களே?

விடுபடுவார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) இந்தியா முழுவதும் எப்போதாவது இணையம் பயன்படுத்தியதாகச் சொன்ன ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். அதன்பின் நிலைமை மாறியிருக்கும். இருந்தாலும், இணைப்பை முகநூலில் பரப்பி ஆள் சேர்க்கும் ஆய்வில் யார் வரமாட்டார்கள் என்பது அந்த இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

பணமுள்ள நிறுவனங்கள் இதற்கு ஒரு வழி செய்தன. நெதர்லாந்தில் 2007-இல் தொடங்கிய 'லிஸ்' என்ற கருத்துக்கணிப்புக் குழு, மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தது. கணினியும் இணைப்பும் இல்லாத வீடுகளுக்கு அவற்றைத் தானே கொடுத்தது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2014-இல் தொடங்கிய நிரந்தரக் குழுவிலும் இணையம் இல்லாதவர்களுக்கு டேப்லெட் கொடுத்தார்கள். கருவியைக் கொடுத்ததும் அவர் 'இணையம் இல்லாதவர்' என்ற நிலை மாறிவிடாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஆளே வராமல் போவதைவிட அது மேல்.

நம் கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் தொலைபேசிப் பேட்டியைக் கலந்து செய்யுங்கள். சாதாரண அழைப்பும் தொலைவு முறைதான். அதை யாரும் மதிப்பதில்லை என்பது தனி வருத்தம்.

"இணையம் பயன்படுத்துவதில்லை" என்கிறார், ஆனால் காலை முதல் வாட்ஸ்அப்பில் இருக்கிறார். எப்படிக் கணக்கில் எடுப்பது?

கொழும்பைத் தளமாகக் கொண்ட லெர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் இதை இந்தோனேசியாவில் சில ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. கணக்கெடுப்பில் இணையம் பயன்படுத்துவதில்லை என்றவர்கள், பேசிப் பார்த்தபோது ஃபேஸ்புக்கைப் பற்றி ஆர்வமாகப் பேசினார்கள்.

தமிழில் இன்னொரு முடிச்சும் உண்டு. நம் பேச்சில் 'நெட்' என்றால் பெரும்பாலும் டேட்டா. "நெட் தீர்ந்துவிட்டது", "நெட் போட வேண்டும்" என்றுதான் சொல்கிறோம். 'இணையம்' என்ற சொல்லோ செய்தித்தாளில் வருவது. பாட்டி வாயில் வருவதில்லை. ஆகவே பொதுச் சொல்லை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: வாட்ஸ்அப் பார்ப்பீர்களா, யூடியூபில் பாட்டு கேட்பீர்களா, ஃபோனில் பணம் அனுப்புவீர்களா, வெளிநாட்டிலிருக்கும் மகனோடு வீடியோவில் பேசுவீர்களா. "நான் அதெல்லாம் தொடுவதே இல்லை" என்று தொடங்கியவர் நான்காவது கேள்வியில் ஆமாம் என்பார்.

ஒரு ஃபோனை வீட்டில் மூன்று பேர் பயன்படுத்தினால் அந்தத் தரவு யாருடையது?

இதற்கு எனக்கு இன்னும் திருப்தியான விடை கிடைக்கவில்லை. சர்வர் பதிவில் ஒரு கணக்கு, ஒரு கருவி, ஒரு 'பயனர்'. வீட்டிலோ பகலில் அம்மா, மாலையில் பாடம் படிக்கும் மகள், இரவில் அப்பா. 'பரிந்துரை' என்ற பெயரில் செயலி காட்டுவது மூவரையும் கலந்த ஒரு கூட்டாஞ்சோறு.

நித்யா சாம்பசிவனும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசப் பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஃபோனை வீட்டார் எடுத்துப் பார்ப்பது இயல்பு என்ற நிலையில், பெண்கள் தங்களுக்கென்று ஓரிடத்தை எப்படிக் காத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஃபோனுக்குப் பூட்டு, குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் பூட்டு, பார்த்ததை அழித்துவிடுவது, தடம் பதியாத முறையில் தேடுவது, சிலவற்றை ஃபோனில் செய்வதையே தவிர்ப்பது என்று வழிகள் வெளிப்பட்டன. யோசித்துப் பாருங்கள்: அழிக்கப்பட்டதும் தவிர்க்கப்பட்டதும் எந்தப் பதிவிலும் இருக்காது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னால், வீட்டில் எல்லோரும் பார்த்தாலும் பாதகமில்லாதவை மட்டும்தான் வரும்.

நான் இப்போது செய்வது இரண்டு. முதல் அழைப்பிலேயே "இந்த ஃபோன் வேறு யார் கையிலெல்லாம் போகும்?" என்று சாதாரணமாகக் கேட்டுவிடுவேன். ஆய்வு தொடர்பான செய்திகளை வீட்டில் வேறு யாராவது படித்தாலும் அவருக்குச் சங்கடம் வராதபடி எழுதுவேன். கணவர் உடல்நலம் குறித்து மனைவி தேடியது பற்றிய கேள்வி, கணவர் கையிலிருக்கும் ஃபோனில் போய் விழுந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை நினைத்துக்கொண்டால் போதும்.

திரையைப் பகிரச் சொன்னாலே அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். ஏன்?

அவர்கள் செய்வது சரி என்பதால்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவரிடம் ஒருமுறை, "ஐயா, திரையைப் பகிரும் பட்டனைத் தொடுங்கள்" என்றேன். சற்று நேரம் அமைதி. பிறகு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று போன மாதம் ஒருவன் பேசினான். அவனும் இதே குரலில், இதே மரியாதையோடு, இதையேதான் சொன்னான்." வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. தெரியாத எண்ணிலிருந்து அழைத்து, அன்பாகப் பேசி, திரையைக் காட்டச் சொல்லி, கடைசியில் பணம் தருகிறோம் என்கிறோம். மோசடிக்காரனுக்கும் நமக்கும் வசனத்தில் என்ன வித்தியாசம்? தொலைவிலிருந்து ஃபோனை இயக்கும் செயலிகளை நிறுவச் சொல்லிப் பணம் பறிப்பது குறித்து ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிக்கையை மக்கள் மனதில் பதியவைக்க இத்தனை பேர் பாடுபட்டிருக்கும்போது, அதை உடைப்பவராக ஆய்வாளர் இருக்கக் கூடாது.

அதன்பின் என் பழக்கம் மாறியது. பங்கேற்பவருக்கு நேரில் தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் முதல் தொடர்பு. என்ன செய்யப்போகிறோம், எதைக் கேட்கவே மாட்டோம் என்று ஒரு பக்கத் தமிழ்க் காகிதம் முன்கூட்டியே போகும். அதில் ஓடிபி, கடவுச்சொல், வங்கி விவரம் கேட்கமாட்டோம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எந்தச் செயலியையும் நிறுவச் சொல்வதில்லை. தயங்கினால் திரைப்பகிர்வையே விட்டுவிடுவேன். வீட்டில் இன்னொரு ஃபோன் இருந்தால், அதில் வீடியோ அழைப்பில் வந்து, அவர் பயன்படுத்தும் ஃபோனை நோக்கிச் சாய்த்து வைக்கச் சொல்வேன். சொம்பின்மேல் சாய்த்து வைத்த ஃபோன்தான் என் கேமரா. இதில் ஒரு லாபமும் உண்டு. திரைப்பகிர்வில் கட்டைவிரல் தெரியாது, இதில் தெரியும். எங்கே தொடுவது என்று அது காற்றில் தயங்கி நிற்பதைப் பார்க்கலாம்.

பகிர்ந்தவர்களிடமும் கவனம் வேண்டும். அழைப்புக்கு முன்பே அறிவிப்புகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் சம்பளம் வரவான குறுஞ்செய்தியும் தங்கையின் சண்டையும் உங்கள் பதிவில் ஏறும். பணம் செலுத்தும் செயலிகள் பலவற்றில் திரையைப் பகிரும்போது நமக்கு வெறும் கறுப்பாகத் தெரியும். பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பைத் தாண்ட வழி தேடாதீர்கள். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வாயால் சொல்லச் சொன்னால் போதும்.

எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றே சொல்கிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது?

நிக்கோலா டெல்லும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 பேரிடம் பேட்டி எடுத்து 2012-இல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறைக்கு வருபவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு தொழில்நுட்பங்களைக் காட்டி, ஒன்று பேட்டி எடுப்பவர் உருவாக்கியது என்ற எண்ணத்தை ஏற்படுத்தினார்கள். மக்கள் அதையே விரும்பும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு இருந்தது. பேட்டி எடுப்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் அது ஐந்து மடங்கானது.

விருந்தாளி கொண்டுவந்த பலகாரத்தை யார் குறை சொல்வார்கள்? ஆகவே இது நான் செய்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காமல் செய்யச் சொல்லிப் பாருங்கள். "உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இதைச் செய்தால் எங்கே மாட்டிக்கொள்வார்?" என்று கேட்டால் தன் கஷ்டத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் இறக்கிவைப்பார்கள். ஆளில்லா முறையின் ஒரே பெரிய நன்மையும் இதுதான்: எதிரே முகம் இல்லாததால் முகதாட்சண்யமும் குறைவு.

கோடிக்கணக்கான தேடல்கள் பதிவாகின்றனவே. அதைப் படித்தாலே எல்லாம் தெரிந்துவிடாதா?

கூகுள் 2008-இல் அப்படித்தான் நம்பியது. எந்தப் பகுதியில் ஃப்ளூ காய்ச்சல் பரவுகிறது என்பதைத் தேடல்களை வைத்தே கணித்துச் சொல்லும் சேவையைத் தொடங்கியது. 2012–13 பருவத்தில் அதன் கணிப்பு, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் எண்ணைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காகப் போனது. 2015-இல் பொதுச் சேவை நிறுத்தப்பட்டது. காய்ச்சல் வந்தவர்கள் மட்டுமா காய்ச்சலைப் பற்றித் தேடுகிறார்கள்? தொலைக்காட்சியில் செய்தி பார்த்துப் பயந்தவர்களும் தேடுகிறார்கள்.

பதிவுகள் என்ன நடந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அந்த ஆசிரியையின் நாற்பது விநாடியைச் சர்வர் மிகச் சரியாக எண்ணியிருக்கும். மாமியார் வயது அதில் இருக்காது.

பெயரை நீக்கிவிட்டு வெளியிட்டால் யாருக்கும் பாதகமில்லையே?

அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் 2006 ஆகஸ்டில் சுமார் 6,50,000 பயனர்களின் மூன்று மாதத் தேடல்களை, ஏறத்தாழ 2 கோடி, பெயருக்குப் பதில் எண் போட்டு ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணுக்குரிய தேடல்களை மட்டும் படித்துப் பார்த்து, ஜார்ஜியா மாநிலத்தில் அவற்றைத் தேடிய பெண்ணின் வீட்டுக்கே போய்விட்டார்கள். தன் ஊர், தன் குடும்பப் பெயர், தன் நாய், தன் உடல் உபாதை என்று மனிதர்கள் தேடுவது தங்களைத்தானே.

அதே ஆண்டு நெட்ஃபிளிக்ஸ், பெயர் நீக்கிய திரைப்பட மதிப்பீடுகளைப் போட்டி ஒன்றுக்காக வெளியிட்டது. சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாடிகோவும், வேறொரு தளத்தில் பொதுவில் இருந்த மதிப்பீடுகளோடு அதைப் பொருத்தி, ஆட்களை அடையாளம் காண முடியும் என்று 2008-இல் காட்டினார்கள். பெயர் என்பது அடையாளங்களில் ஒன்று மட்டுமே.

சொன்னால் இயல்பாக நடந்துகொள்ளமாட்டார்கள். சொல்லாமலே ஆய்வு செய்யலாமா?

2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் 6,89,003 பேருக்குக் காட்டிய பதிவுகளில் மகிழ்ச்சியானவற்றையோ சோகமானவற்றையோ குறைத்துப் பார்த்தது. அவர்கள் எழுதுவதில் மாற்றம் தெரிகிறதா என்று கவனித்தது. கிடைத்த விளைவு மிகச் சிறியது. 2014-இல் கட்டுரை வெளிவந்தபோது எழுந்த கண்டனம் மிகப் பெரியது. கணக்குத் தொடங்கும்போது ஏற்றுக்கொண்ட விதிமுறைகளே சம்மதம் என்ற வாதத்தைப் பலர் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.

இயல்பு மாறுவதைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். இரண்டாம் நாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் தெளிவானதாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் தேவை. ஆய்வுக்கும் புள்ளிவிவரத்துக்கும் சில விலக்குகள் உண்டு. அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது என்பது அவற்றின் நிபந்தனைகளில் ஒன்று. இலங்கையில் 2022-இன் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். பல்கலைக்கழகத்தில் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும்.

என் அனுபவத்தில், சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டிவிட்டு "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், நாங்கள் எதைப் பதிவு செய்யப்போகிறோம்?" என்று திருப்பிக் கேட்பதுதான் உண்மையான சம்மதம்.

சமூக ஊடகங்களிலிருந்து தரவை நேரடியாக எடுக்க முடியுமா?

முன்பு எளிதாக இருந்தது. ட்விட்டர் ஆய்வாளர்களுக்குத் தந்த இலவச வழி 2023-இல் அடைபட்டது. ஃபேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதனால் இப்போது தரவுக் கொடை என்ற முறை வளர்கிறது: பயனர் தன் கணக்கின் தரவைத் தானே தரவிறக்கி, வேண்டாததை நீக்கிவிட்டு ஆய்வாளருக்குத் தருகிறார். எனக்குப் பிடித்த முறை இது, சாவி அவர் கையில் இருப்பதால். ஒரே தொல்லை, அந்தக் கோப்பைத் தரவிறக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே கொடையாளர்களாக வருவார்கள்.

பங்கேற்பவருக்கு எவ்வளவு கொடுப்பது?

அவர் செலவழிக்கும் நேரத்துக்கு உரிய கூலியும், அதற்கு மேல் டேட்டா செலவும். நடுவில் விலகினாலும் கொடுங்கள். பணம் அனுப்பும்போது எந்த இணைப்பையும் தொடச் சொல்லாதீர்கள். காரணம் மேலே பார்த்தோம்.

எப்போது நேரில் போயே ஆக வேண்டும்?

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் டேனியல் மில்லர் தலைமையில் ஒன்பது மானுடவியலாளர்கள் ஆளுக்கொரு ஊரில் பதினைந்து மாதம் தங்கிச் சமூக ஊடகப் பயன்பாட்டை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் தங்கியது சென்னைக்கு வெளியே, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் முளைத்த கிராமப் பகுதியில். ஊரின் அடையாளத்தைக் காக்க அதற்குப் 'பஞ்சகிராமி' என்று பெயர் வைத்தார். திரையில் நடப்பதை ஆராய ஊரில் போய்த் தங்க வேண்டியிருந்தது.

நமக்குப் பதினைந்து மாதம் கிடைக்காது. ஒரு பிற்பகலாவது போய்விட்டு வாருங்கள். நாட்குறிப்பு ஆய்வு ஒன்றில் கல்லூரி மாணவர் ஒருவரின் எல்லாப் பதிவுகளும் இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையிலேயே வந்தன. சாப்பிட்ட பின் ஓய்வாக இணையத்துக்கு வருகிறார் என்று எழுதிவைத்திருந்தோம். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது வீட்டுக்குப் போனேன். கூடத்தில் என் ஃபோனில் ஒரு கோடுகூட இல்லை. "சிக்னல் மொட்டை மாடியில்தான், சார்" என்று படியேறிக் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வற்றல் காயப்போடும் திண்டில், அவர் உட்காரும் இடம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. மணி மூன்று. தரை கொதித்தது, இரண்டு நிமிடம் நிற்க முடியவில்லை.